தளேக்கரைக்கு வந்த டிப்பர்

கசார்வாடி, பூனா
10 நவம்பர் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் இவரும் மகளும் நலமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பீர் முகமது மச்சான் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். நான் ஃபோன் செய்தால் நீ உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். அப்புறம் மச்சான் பேசுகிறார்கள், பக்கத்து வீட்டு மாமி பேசுகிறார்கள், வாசலில் நிற்கிற மீன்காரம்மாகூடப் பேசுகிறாள். நீயும் நானும் மட்டும் பேசவே முடிவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீயும் எழுதிப் பழகு.

வீடு மாறிவிட்டோம். பழைய பம்பாய் ரோட்டிலிருந்து உள்ளே வந்து, லேத் பட்டறைகளையெல்லாம் தாண்டினால் பவனா ஆற்றுப் பக்கமாக ஒரு கடைசித் தெரு இருக்கிறது. அதில் கடைசி வீடு. இங்கே குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். வராத நாளில் தெருவுக்கே ஒரு கிணறு. நம் காயல்பட்டினத்துத் தண்ணீர் மாதிரி உப்புக் கரிக்காது. முதல்நாள் வாயில் ஊற்றியபோது சர்க்கரை போட்டார்களோ என்றே நினைத்தேன்.

கிணற்றுக்குப் பின்னால் பெரிய நீர்நிலை. மராத்தியில் குளத்தைத் தளே என்பார்கள், இதையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் நம் பக்கத்துக் குளம் போலக் கரை கட்டியதில்லை. ஓரமெல்லாம் சேறும் கோரையும், நடுவில் தெளிந்த நீர். ஆறு அடுத்தாற்போல் கறுப்பாக ஓடுகிறது, நாற்றம் தாங்காது. தளே மட்டும் சுத்தமாக இருக்கிறது. அடியில் ஊற்று இருக்கிறதாம். அந்த ஊற்றுதான் கிணற்றுக்கும் வருகிறது என்று எதிர்வீட்டு வைஷு தாயி சொன்னாள். தாயி என்றால் அக்கா. ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு தண்ணீரில் படர்கிற ஆகாயத்தாமரையைப் பிடுங்கப் போகிறாள். போன வாரம் நானும் போனேன். முழங்கால் வரை சேறு. நீ பார்த்திருந்தால் என்னைக் குளிப்பாட்டித்தான் வீட்டுக்குள் விட்டிருப்பாய்.

இவர் இரண்டாவது டிப்பர் லாரி எடுத்துவிட்டார். மெயின் ரோட்டில் பழைய கட்டடங்களை இடிக்கிறார்கள், ஒரு காண்ட்ராக்டர் தொடர்ந்து வேலை கொடுக்கிறார். ஒரு வண்டிக்கு டிரைவர், ஒன்றை இவரே ஓட்டுகிறார். பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வருகிறார். நீ கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாய்.

பதில் போடு.

உன் தங்கை
ஃபிசா


காயல்பட்டினம்
28 நவம்பர் 2024

அன்புத் தங்கை ஃபிசாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியே இருக்கிறது. உன் மச்சான் மாத்திரையும் போடுகிறார்கள், அதற்கு மேலே ஹல்வாவும் சாப்பிடுகிறார்கள். கடிதத்தை எனக்கும் படித்துக் காட்டு என்று பின்னாலேயே வந்தார்கள். காட்டவில்லை.

நீ சேற்றில் இறங்கியதைப் படித்து எனக்குப் பதறிவிட்டது. பாம்பு இருக்கும். அட்டை இருக்கும். தேங்கின தண்ணீர் என்றால் கொசுதானே? மகளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? நம் ஊர்ப் பெண்கள் கல்யாணம் ஆனாலும் உம்மா வீட்டை விட்டுப் போவதில்லை. நீ ஒருத்திதான் மாப்பிள்ளையோடு அவ்வளவு தூரம் போனாய். போன இடத்தில் நல்ல தரையாகப் பார்த்துக் குடியிருக்கக் கூடாதா?

இரண்டாவது வண்டி வாங்கியதில் மாப்பிள்ளை தல்ஹாவுக்கு என் வாழ்த்தைச் சொல். மாசிக் கருவாட்டுத்தூள் அனுப்பியிருக்கிறேன், அவருக்குப் பிடிக்கும்.

ஒரு விஷயம். நோன்புக்கு முன்னால், பிப்ரவரியில், நானும் உன் மச்சானும் பூனா வரலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மெட்ராஸுக்கு மேலே நான் போனதே இல்லை. என்ன சொல்கிறாய்?

துஆவுடன்
சுல்தான் பீவி


கசார்வாடி
20 டிசம்பர் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். எல்லாரும் நலம். நீ வருகிறாய் என்று படித்ததும் மகள் குதித்தாள். "பெரியம்மா கதீ வருவாஹ?" என்று தினமும் கேட்கிறாள். கதீ என்றால் எப்போது. அவள் தமிழ் அப்படித்தான் இருக்கிறது, வந்து நீயே சரிசெய்.

உன் கொசுக் கேள்வியை வைஷு தாயியிடம் கேட்டேன். தளேயில் மீன் இருக்கிறது, தவளை இருக்கிறது, தும்பி இருக்கிறது. கொசு முட்டையிட்டால் அவை தின்றுவிடும், கொசு வருவது சாக்கடையிலிருந்து என்றாள். நானும் கவனித்தேன். தெருமுனைச் சாக்கடையருகே நின்றால் பிய்த்துத் தின்கிறது. தளேக்கரையில் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. மழைத் தண்ணீர் தெருவில் ஓடி அங்கே போகிறது, கோரையில் நின்று அழுக்கையெல்லாம் விட்டுவிட்டு மெல்லக் கீழே இறங்குகிறது. அதைத்தான் நாம் கிணற்றில் இறைக்கிறோம். இத்தனை நாள் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதற்கு மேல் நான் யோசித்ததே இல்லை.

குளிருக்கு வாத்துகள் வந்திருக்கின்றன. பழுப்பு நிறம், இறக்கையை விரித்தால் உள்ளே நீலம். இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறதாம். அத்தனை தூரம் பறந்து வந்து நம் வீட்டுக் கொல்லையில் இறங்கியிருக்கிறது பார். நீ மெட்ராஸைத் தாண்ட யோசிக்கிறாய்.

ஒரே ஒரு கவலை. கரையின் அந்தப் பக்கம் யாரோ கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ராடாரோடா என்பார்கள் இங்கே, உடைந்த செங்கல், சிமென்ட், ஓடு எல்லாம். விடிகிற நேரத்தில் லாரி வருகிறது, கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது. தண்ணீரில் பாதித்தூரம் மேடாகிவிட்டது. போன வாரத்திலிருந்து கிணற்றுத் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வருகிறது. வண்டி நம்பரைப் படமெடுத்து மாநகராட்சியில் கொடுக்கலாம் என்று பெண்கள் முறைவைத்துக் காவல் நிற்கப்போகிறோம். நான் எப்படியும் ஃபஜ்ருக்கு எழுந்திருக்கிறேன், தொழுதுவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இவரிடம் சொன்னேன். "ஊர்ல எல்லாரும்தான் கொட்டுறான், நீ குளிர்ல நிக்காதே" என்றார். அவர் தூங்கி எழுவதற்குள் திரும்பிவிடுவேன், அவருக்கென்ன? இப்போதெல்லாம் அவரும் சில நாள் இருட்டு விலகும் முன்பே வண்டி எடுத்துப் போய்விடுகிறார். வேலை அதிகம்.

மாசித்தூள் வந்தது. பாதி தீர்ந்தது.

ஃபிசா


காயல்பட்டினம்
6 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். இங்கே மழை விட்டுவிட்டது, முழங்காலும் கொஞ்சம் கேட்கிறது. வாத்துக்கதையை உன் மச்சானுக்கு மட்டும் படித்துக் காட்டினேன். "வாத்து வந்துட்டுது, நாம போவாண்டாமா?" என்று டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பிப்ரவரி மூன்றாம் வாரம்.

கிணற்றை நினைத்தால் வயிறெரிகிறது. குடிக்கிற தண்ணீரில் கல்லைக் கொண்டுவந்து போடுகிறானே, அவனுக்கு வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இல்லையா? அவள் என்ன தண்ணீர் குடிக்கிறாள்? யாரென்று பிடித்தால் என் பங்குக்கும் இரண்டு கேள். விடாதே.

குளிரில் காதைக் கட்டிக்கொண்டு போ.

துஆவுடன்
சுல்தான் பீவி


கசார்வாடி
9 பிப்ரவரி 2025

லாத்தாவுக்கு,

ஸலாம். நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது.

இந்த மாதம் நீங்கள் வரவேண்டாம் என்று தோன்றுகிறது. வீட்டில் கொஞ்சம் வேலை கிடக்கிறது, தண்ணீரும் கஷ்டம். நோன்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம். மச்சானிடம் பக்குவமாகச் சொல்லிவிடு, கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்.

குளிர் குறைந்துவிட்டது. வேறொன்றும் விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபிசா


காயல்பட்டினம்
25 பிப்ரவரி 2025

என் ஃபிசாவுக்கு,

ஸலாம். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டோம். உன் மச்சானுக்குக் கோபமில்லை. எனக்கும் இல்லை. ஆனால் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் கடிதத்தில் மாப்பிள்ளை பாட்டுப் பாடுகிறார், அடுத்ததில் வண்டி எடுத்துப் போகிறார். இதில் அவர் பெயரே இல்லை. வாத்தும் இல்லை. லாரிக்காரனைப் பிடித்தீர்களா இல்லையா, அதுவும் இல்லை.

உன் மச்சானை விட்டு அவருக்கு ஃபோன் போடச் சொன்னேன். "எல்லாம் டீக் இருக்கு, நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றாராம். குரல் நன்றாக இல்லை என்றார்கள் உன் மச்சான். உடம்புக்கு ஏதாவதா? உங்கள் இரண்டு பேருக்குள் ஏதாவதா?

கேட்டுத் துளைக்கமாட்டேன். நீ சொல்லும்போது சொல். ஆனால் ஒன்று, ஒரு வார்த்தை எழுது, நாங்கள் மறுவண்டி ஏறுகிறோம். பூனா எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன்.

நோன்பு வருகிறது. விடியுமுன் ஸஹருக்கு வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்காதே, சாப்பிடு.

உன் லாத்தா


கசார்வாடி
8 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய லாத்தா அவர்களுக்கு,

தல்ஹாவின் ஸலாம். பெருநாள் வாழ்த்துகள். உங்கள் உடல்நலத்துக்கும் பீர் முகமது மச்சானின் நலத்துக்கும் துஆ செய்கிறேன். நான் பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ் வாப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ஃபிசாவுக்குத் தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். அவள் எழுதமாட்டேன் என்கிறாள். எழுதினால் என்னைக் காட்டிக்கொடுத்ததாகிவிடுமாம். ஏற்கனவே ஒருமுறை காட்டிக்கொடுத்தாகிவிட்டது, அது போதும் என்கிறாள்.

விஷயம் இதுதான். தளேயில் ராடாரோடா கொட்டிய லாரிகளில் ஒன்று என்னுடையது. ஓட்டியது நான்.

அது பள்ளம், மேடாக்கச் சொல்லி மேலே பேசியாகிவிட்டது என்றார் காண்ட்ராக்டர். இடிபாட்டை அரைத்து நடைபாதைக் கல் செய்கிற ஆலை ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே போய்வந்தால் ஒரு நடை போகும் நேரத்தில் இங்கே மூன்று நடை கொட்டிவிடலாம். நானும் அதிகம் யோசிக்கவில்லை. எங்கள் வீடு இந்தக் கரையில், கொட்டுவது அந்தக் கரையில். நடுவில் இருப்பது வெறும் சேறு என்றே நினைத்தேன்.

ஜனவரியில் ஒருநாள் விடிகிற நேரம். பின்தொட்டியைத் தூக்கிக் கொட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் கோரைக்குப் பக்கத்தில் ஒரு பெண், தலையில் சால்வை, கையில் ஃபோன். ஃபிசா. ஃபோனை நிமிர்த்திப் படம் எடுத்தாள். திரும்பி நடந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். டீ போட்டு வைத்திருந்தாள்.

"படத்தை என்ன பண்ணினே?" என்று கேட்டேன்.

"வைஷு தாயிக்கு அனுப்பிட்டேன். நம்பர் தெளிவா இருக்கு."

"நம்ம வண்டிண்டு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். அடுத்தவன் வண்டியா இருந்தா அனுப்புவேன், நம்ம வண்டியா இருந்தா மறைப்பேனா? நாளைக்கு அந்தப் பொம்பளைங்க முகத்தைப் பார்த்து நான் எப்படித் தண்ணி எறைக்கிறது?"

"பள்ளத்துல மண்ணப் போட்டது ஒரு குத்தமா ஃபிசா?"

"பள்ளமில்ல அது. உங்க கையில இருக்கே டீ, அது அங்கருந்து வந்த தண்ணி."

நான் டீயை வைத்துவிட்டு எழுந்து போனேன். மாநகராட்சிக்காரர்கள் என் வண்டியைப் பிடித்து நிறுத்தி வைத்தார்கள், அபராதமும் போட்டார்கள். கட்டிவிட்டேன். ஆனால் அவளோடு பேசவில்லை. அவளும் வலிய வந்து பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், சாப்பிடுவேன். மகள்தான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சேதி சொல்லிக்கொண்டு திரிந்தாள். நீங்கள் வருவதாக இருந்தது அப்போதுதான். "லாரிக்காரனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லையா" என்று நீங்கள் எழுதியிருந்த கடிதம் அலமாரிமேல் இருந்தது. நானும் படித்தேன்.

நோன்பு வந்தது. ஒருநாள் ஆற்றோரம் பெரிய குழாய் உடைந்து எங்கள் பக்கம் முழுக்கக் குழாயில் தண்ணீர் வராமல் போனது. அன்று கேனை எடுத்துக்கொண்டு நானே கிணற்றுக்குப் போனேன். வரிசையில் எல்லாம் பெண்கள். வாளியை இறக்கினால் வெள்ளையாகச் சேறு வருகிறது. அதையே துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றிக்கொள்கிறார்கள். ஒருத்திகூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும், புகாரில் என் வண்டி நம்பர் இருக்கிறது. யாராவது திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

வரிசையில் நிற்கும்போதே பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டது. வைஷு தாயி அவள் வீட்டுக்குள் போய் ஒரு சொம்பு கொண்டுவந்தாள். நல்ல தண்ணீர், காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து பாட்டிலில் பிடித்து வந்ததாம், அவள் வீட்டுக்கு வைத்திருந்தது. "ரோஜா சோடா, பாவ்" என்றாள். நோன்பைத் திறங்கள் அண்ணா என்று அர்த்தம்.

வாங்கினேன். "புகார் குடுத்தது நீங்கதானே தாயி?" என்று கேட்டேன்.

"ஆமா, நான்தான். முதல்ல தண்ணி குடிங்க" என்றாள்.

குடித்தேன். வீட்டுக்கு வந்து ஃபிசாவிடம் சொன்னேன், இனி அந்தக் காண்ட்ராக்டருக்கு நான் ஓட்டப்போவதில்லை என்று. அவள் அழுதாள். நானும்தான். மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "ஆத்தா பேசிட்டீங்களா? அப்ப நான் விளையாடப் போறேன்" என்று ஓடிவிட்டாள். ஆத்தா என்றால் இப்போது.

இன்னொரு வண்டியும் வெறுமனே நிற்கிறது. தளேயில் கொட்டியதை அள்ளிக் கொண்டுபோய் அந்த ஆலையில் போடலாம் என்று வைஷு தாயியிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பயணம் என்னால் நின்றது. அவசியம் வரவேண்டும்.

மரியாதையுடன்
தல்ஹா


காயல்பட்டினம்
20 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

ஸலாம். கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மாடியில் போய் உட்கார்ந்திருந்தேன். உன் மச்சான் பயந்து மேலே வந்தார்கள். அவர்கள் கையில் கொடுத்துவிட்டேன். படித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ஃபிசா சின்ன வயசுலயே இப்படித்தான்" என்றார்கள். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஃபிசா, பெண்டாட்டி பிள்ளை இல்லையா என்று நான் எழுதியதை நீ எப்படிப் படித்திருப்பாய்? பாவி, ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? நான் மாப்பிள்ளையைத் தப்பாக நினைத்துவிடுவேன் என்று பயந்தாயா? நினைத்திருப்பேன்தான். ஒரு வாரம் நினைத்திருப்பேன். அப்புறம் சரியாகிவிடும். அதற்காகவா இத்தனை நாள் தனியாகச் சுமந்தாய்?

மாப்பிள்ளை, உங்கள் தமிழில் பிழை ஒன்றுமில்லை. இத்தனையையும் ஒளிக்காமல் எழுதினீர்களே, அதுவே எனக்குப் போதும். ஆனால் கொட்டியதை அள்ளி முடித்துவிட்டுத்தான் நீங்கள் இனி என்னிடம் மாசித்தூள் கேட்கவேண்டும்.

அந்த வைஷு தாயிக்கு என் ஸலாம். அவளுக்கு அது என்னவென்று புரியாவிட்டாலும் சொல்.

உங்கள் லாத்தா


கசார்வாடி
15 ஜூன் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நன்றாக நடந்தது. உங்கள் பக்கம் எப்படி? மச்சானுக்குக் கண் ஆபரேஷன் என்று ஃபோனில் சொன்னாயே, எந்த மாதம்?

நீ கேட்டது சரிதான். நீ அவரைத் தப்பாக நினைப்பாய் என்றுதான் எழுதவில்லை. நான் கோபித்துக்கொள்ளலாம், நீ கோபித்துக்கொள்வதை என்னால் தாங்கமுடியாது. என்ன நியாயம் இது என்று கேட்காதே.

இனி நல்ல சேதி. ஏப்ரல் கடைசியில் அள்ள ஆரம்பித்தோம். இவருக்குத் தெரிந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜேசிபி கொண்டுவந்தார். அது நுழையமுடியாத சேற்றில் நாங்கள் பெண்கள் கூடையோடு இறங்கினோம். செங்கல், குளியலறை ஓடு, ஒரு முழு ஜன்னல் சட்டம், யாரோ வீட்டுப் பூஜை மாடம், எல்லாம் வந்தது. இவர் வண்டி நிறைய ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோய்விட்டு வருவார். வெயில் நெருப்பாக அடித்தது. மற்ற லாரிக்காரர்கள் ரோட்டில் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். "போட்டதை எடுக்கிறான் பாரு, பைத்தியம்" என்று ஒருவன் சொன்னது இவர் காதில் விழுந்தது. இவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

மே மாத நடுவில் ஒருநாள் வைஷு தாயி திடீரென்று கத்தினாள். பாம்பு என்று நினைத்து எல்லாரும் கரைக்கு ஓடினோம். பாம்பில்லை. அவள் நின்ற இடத்தில், ஒரு சிமென்ட் பாளத்தைப் புரட்டிய குழியில், தண்ணீர் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி வருகிறது. சேற்றுக்கு நடுவில் கண்ணாடி மாதிரி. ஊற்று. இவர் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடிவந்து கையை உள்ளே விட்டார். "சில்லுண்டு இருக்கு ஃபிசா" என்றார். எல்லாரும் ஒருவர்பின் ஒருவராகக் கையை விட்டுப் பார்த்தோம். மகள் காலையே விட்டாள்.

முழுக்க அள்ளி முடிக்கவில்லை, நீ சொன்னபடி இவருக்கு மாசித்தூள் இன்னும் கிடையாது. மே கடைசியிலேயே இங்கே மழை பிடித்துக்கொண்டது, இவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லை என்கிறார்கள். மீதி மேட்டை மழை விட்டபிறகுதான் தொடவேண்டும். ஆனால் கிணற்றில் வெள்ளை போய்விட்டது. போன வாரம் வாளியில் வந்ததை மகள் அப்படியே வாய்வைத்துக் குடித்தாள். சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள், காய்ச்சிக் குடி என்று நீயாவது எழுது.

ஒரு டிப்பரைக் கொடுத்துவிட்டோம். இருக்கிற வண்டியில் ஆலைக்குப் போகிற லோடு மட்டும்தான் எடுக்கிறார். முன்போல வேலை இல்லை, இருக்கிறது போதும். பாட்டு திரும்ப ஆரம்பித்துவிட்டது. அதுதான் தாங்கமுடியவில்லை.

மாநகராட்சி அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். எல்லைக்கல் நடுகிறோம், வேலி போடுகிறோம் என்றார். வைஷு தாயி, "கல்லை நடுங்க சார், அப்புறம் சாய் தர்றேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே போனார்.

செப்டம்பரில் மழை குறையும். வா.

ஃபிசா


கசார்வாடி
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். டிவியில் பூனா வெள்ளத்தைப் பார்த்துவிட்டு நீ எத்தனை தடவை கூப்பிட்டாய் என்று ஃபோனை எடுத்தபிறகுதான் தெரிந்தது. கரண்ட் இல்லை, சார்ஜ் இல்லை. உன்னிடம் இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன், மிச்சம் இதில்.

அணையைத் திறந்துவிட்டார்கள், ஆறு கரைமேலே வந்துவிட்டது. கீழ்த்தெருவில், தளே மாதிரி ஒரு பள்ளத்தை எப்போதோ தூர்த்துக் குடோன் கட்டிய இடத்தில், இடுப்பளவு தண்ணீர். சாமானையெல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டு வந்த ஒரு குடும்பத்தை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். எங்கள் தெருவுக்கும் வரும் என்று அரிசிப்பானையைப் பரண்மேல் ஏற்றினேன். தளே ஊதிப் பெருத்துக்கொண்டே வந்தது. கோரை முழுகியது. கிணற்றுமேடை வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது, லாத்தா. ஆறு எவ்வளவு தள்ளினாலும் அது வாங்கி வாங்கி வைத்துக்கொண்டது. மறுநாள் மெல்ல இறங்கியது.

இவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "முழுக்க நெரப்பியிருந்தா…" என்று ஆரம்பித்தார். நான் பரணிலிருந்து அரிசிப்பானையை இறக்கித் தரச் சொன்னேன்.

வந்திருந்த குடும்பத்துக்குக் கஞ்சி காய்ச்சினேன். எல்லாரும் நலம், பயப்படாதே. டிக்கெட் எடுத்தாயா?

ஃபிசா


காயல்பட்டினம்
20 அக்டோபர் 2025

அன்புத் தங்கை ஃபிசாவுக்கு,

ஸலாம். நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். மெட்ராஸில் வண்டி மாறும்போது உன் மச்சான் பையை மறந்துவிட்டார்கள், பிறகு கிடைத்தது. முழங்கால் ஆச்சரியமாக வலிக்கவில்லை. உன் தெருவில் நடந்த நடைதான் காரணம் என்கிறார்கள் உன் மச்சான்.

உன் வீடு நன்றாக இருக்கிறது. வைஷு தாயியோடு நான் தமிழிலும் அவள் மராத்தியிலும் பேசினோமே, எங்களுக்கு எல்லாம் புரிந்தது. நீ நடுவில் வந்து மொழிபெயர்த்தபோதுதான் குழம்பியது.

ஒரு விஷயம் உனக்குச் சொல்லவேண்டும். மாப்பிள்ளை சொல்லவேண்டாம் என்றார். நான் சரி என்று சொல்லவில்லை, சும்மா தலையாட்டினேன்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, நீ அடுப்படியில் ஆப்பம் ஊற்றிக்கொண்டிருந்தாய். நாங்கள் மூன்று பேரும் தளேக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். அந்தப் பக்கம் ஒரு டிப்பர் பின்பக்கமாகத் திரும்பியது. மாப்பிள்ளை கையை ஆட்டிக்கொண்டு ஓடினார். எனக்கு உயிரே இல்லை. டிரைவர் மாப்பிள்ளையைவிட இரண்டு மடங்கு ஆள். அடிதடி ஆகிவிடும், நீ ஓடிவருவாய், என்ன செய்வது என்று உன் மச்சான் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் மச்சானுக்குக் கொஞ்சம் இந்தி தெரியும் அல்லவா, அவர்கள் சொல்லித்தான் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும்.

"இது உன் அப்பன் இடமா?" என்றானாம் அவன்.

"இல்ல பாய். நானும் இங்கேதான் கொட்டினேன். அப்புறம் நானே அள்ளினேன். கொட்டுறதுக்கு ஒரு நிமிஷம், அள்ளுறதுக்கு ஒரு கோடை. உனக்கு ஏன் அந்தக் கஷ்டம்?"

அவன் முறைத்தானாம். பிறகு, ஆலை எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது, நான் ஊருக்குப் புதுசு, இங்கே கொட்டு என்று சொல்லி அனுப்பினார்கள் என்றானாம். மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "போ, வழி நான் சொல்றேன்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். கரையில் ஒரு செங்கல்கூட விழவில்லை.

அதனால்தான் அவ்வளவு நேரம் கழித்து வந்தார். கொத்தமல்லி வாங்கப் போனேன் என்று சொல்லிக்கொண்டு, கையில் கொத்தமல்லியே இல்லாமல் வந்து நின்றாரே, அந்தக் காலைதான். நீ ஆப்பம் ஆறிப்போச்சு என்று அவரைப் பிடி பிடி என்று பிடித்தாய். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆறின ஆப்பத்தைச் சாப்பிட்டார். நானும் உன் மச்சானும் வாயைத் திறக்கவில்லை. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அள்ளி முடிக்கும்வரை கிடையாது என்றேன், இருக்கட்டும், மாசித்தூள் தனியாக அனுப்பியிருக்கிறேன். பொட்டலத்தில் அவர் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன், நீ பிரிக்காதே. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். நாளைக்குக் காலையில் சூடாக நாலு ஆப்பம் ஊற்றி முதலில் அவர் தட்டில் வை. ஏன் என்று கேட்பார். பசிக்குமே என்று சொல்.

எப்போதும் உன்
லாத்தா